அடிப்பூச்சு

பகலில் நான் செய்வது பொய்ப்பல்.
குவோபியோ நகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
முகம் பார்த்திராத வாய்களுக்கு
வெள்ளையில் பதினாறு வகை பிரித்து நிறம் சேர்ப்பேன்.
இரவில் செய்வது பொய்மீன்.
ஒரே ரெசினா என்று கேட்கிறார்கள்.
இல்லை. கை மட்டும் ஒன்று.

அச்சைவிட்டு வந்ததும் மீன்
தேய்ந்த சோப்புக்கட்டி போலிருக்கும்.
கண் கிடையாது. வயிற்றில் ஈயக்குண்டு மட்டும்
குலுங்காமல் கிடக்கும்.
உடனே வண்ணம் அடி என்று விரல் பரபரக்கும்.
அடித்தும் பார்த்திருக்கிறேன்:
முதல் வீச்சில், தண்ணீரைத் தொட்ட அறையில்,
பச்சைத்தோல் முழுசாய் உரிந்து
தன்பாட்டுக்கு மிதந்து போனது.
மீன் மொட்டையாய்த் திரும்பி வந்தது.

அச்சில் ஒட்டாதிருக்கத் தடவிய மெழுகு
மீனோடு கூடவே வந்துவிடுகிறது.
பார்த்தால் தெரியாது. ஆகவே கழுவு.
பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய பல்துலக்கி,
செவுள் மடிப்பு வரைக்கும்.
பிறகு நானூறாம் நம்பர் உப்புத்தாள்,
பளபளப்பு சாகும்வரை.
பிறகு கையுறை.
வழவழப்பானது எதையும் பிடித்துக்கொள்ளாது,
இது என் தொழிலிலும் உண்டு.

பிரைமர் வெள்ளை. மெல்லிசாய் இரண்டு தடவை,
நடுவில் ஒரு காபி ஆறும் நேரம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு, ஜன்னல் திறக்க வழியில்லை.
கீழ்வீட்டு தைஸ்தோ ரொட்டிக்கூடத்தில் இரவு வேலை,
சாயங்காலம்தான் தூங்குவார்.
மாடிப்படியில் காகிதம் ஒட்டினார்:
'மூன்றாம் மாடியில் யாரோ பெயிண்ட் குடிக்கிறார்கள்.'

அடித்தளத்துக்கு இறங்கினேன்,
எல்லோருக்கும் பொதுவான சௌனாவின்
உடை மாற்றும் அறைக்கு.
வியாழன் ஏழு முதல் எட்டு என் முறை.
குளிக்கவில்லை.
வெங்காயம் வந்த வலைப்பையை
மீனின் மேல் இழுத்துக் கட்டி, பச்சை தூவி,
வலையை எடுத்தால்
செதில்.
ஒவ்வொரு முறையும் எனக்கே கொஞ்சம் திக்கென்றிருக்கும்.

மேல்பூச்சு எபாக்ஸி. சரிக்குச் சரி, மெதுவாய்க் கலக்கி,
குமிழ்களை ஊதி உடைத்து,
ஏழு மீனையும் சக்கரத்தில் மாட்டினேன்.
உடைந்த மைக்ரோவேவின் மோட்டார்,
நிமிடத்துக்கு ஐந்து சுற்று.
விடியும்வரை சுற்றவேண்டும்,
இல்லாவிட்டால் எபாக்ஸிக்குத் தரை ஞாபகம் வந்துவிடும்.

எட்டு முதல் ஒன்பது தைஸ்தோவின் முறை.

காலையில் சக்கரம் நின்றிருந்தது.
ஏழு அடிவயிற்றிலும் ஏழு கண்ணாடிச் சொட்டு,
விழப் போய் மனம் மாறியவை.
பிளக்கில் ஒரு சீட்டு:
'சத்தம். பிடுங்கிவிட்டேன். மீன்கள் நன்றாயிருக்கின்றன.'

இரண்டு நாள் எரிச்சல்.
மூன்றாம் நாள் கத்தியெடுத்துச் சொட்டுகளைச் சீவினேன்.
தேய்த்த வேகத்தில் மூன்று மீனுக்குப் பச்சை போய்
வெள்ளை தெரிந்தது.
அங்கே மட்டும் நின்றேன். அதற்குக் கீழே விடவில்லை.
ஆறு தேறின.
ஏழாவதை, கொக்கி மாட்டாமல்,
தைஸ்தோவின் கதவுப்பிடியில் தொங்கவிட்டேன்.
திருப்பித் தரவுமில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை.

மே மாதம் கல்லவெசி ஏரியில் பனி விலகி ஐந்தாம் நாள்.
நாணல் ஓரம், போன வருஷத்து நாணல், வைக்கோல் நிறம்.
நாலாவது வீச்சில் ஹவுகி அடித்தது.
அடி என்றால் கதவை உதைத்ததுபோல்.
படகோரம் வரை வந்தது,
முதலை மூஞ்சி, என் பொய்மீன் குறுக்கே,
என்னை ஒரு முறை பார்த்துவிட்டு
தலையை உதறிப் போய்விட்டது.

மீன் போன வருத்தம் பிறகுதான் வந்தது.
முதலில் பையிலிருந்து உருப்பெருக்கி எடுத்தேன்,
வேலைக்கு அணியும் அதே கண்ணாடி.
பதினொரு பல்தடம்.
மேல்பூச்சோடு நின்றவை ஏழு.
பச்சையைக் கிழித்து வெள்ளைக்கு வந்தவை நாலு.
ரெசினைத் தொட்டது ஒன்றுகூட இல்லை.
கீழ்த்தாடை, இடப்பக்கம்,
வரிசையில் ஓர் இடம் காலி.
அகலத்தைக் குறித்துக்கொண்டேன்,
பழக்கதோஷம்.